வாசித்துக் காட்டிய பின் அச்சேற்றுங்கள்

மருத்துவ அறநிலையங்களிலும் நோய்த்தடுப்புத் தொண்டு ஸ்தாபனங்களிலும் இருந்துகொண்டு ஆண்டறிக்கைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் நன்கொடை வேண்டுகோள்களையும் எழுதும் அன்பர்களுக்கு,

உங்களில் பெரும்பாலோர் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆயினும் உங்கள் எழுத்தை நான் வெகுகாலமாகப் படித்து வருகிறேன். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் தொழில். ஆண்டுக் கணக்கு முடிந்து தணிக்கையாளர் கையெழுத்திட்டதும், உங்கள் அறிக்கைகளின் கைப்பிரதிகள் ஒன்றன்பின் ஒன்றாக என் மேஜைக்கு வந்து சேரும். ஒற்றெழுத்து விட்டுப்போன இடங்களையும், நன்கொடைத் தொகையில் ஒரு பூஜ்யம் கூடிவிட்ட இடங்களையும் குறித்தனுப்புவதோடு என் கடமை முடிந்துவிடுகிறது. உள்ளே எழுதியிருப்பதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை; ஒருவரும் கேட்டதும் இல்லை. எனினும், ஒரே விதமான பக்கத்தை வெவ்வேறு ஸ்தாபனங்களின் பெயரில் வருஷந்தோறும் படிக்கிறவனுக்கு, அதை எழுதுகிறவர்களுக்குப் புலப்படாத சில விஷயங்கள் புலப்படுவது இயல்பே. அந்தப் பக்கம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். நிர்வாகியின் உரைக்கும் வரவு செலவுப் பட்டியலுக்கும் இடையே, ஒரு புகைப்படத்தோடும் ‘இருளிலிருந்து ஒளிக்கு’ என்பது போன்றதொரு தலைப்போடும் வருகிற நோயாளியின் கதையே அது.

கதையை விட்டுவிட்டு எண்களை மட்டும் அச்சிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்ல இந்நாட்டு மருத்துவ சரித்திரமே இடம் தராது. அமெரிக்கப் பாதிரிக் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர், நோயுற்ற தாயாருக்குத் துணையாகத் திண்டிவனத்தில் வந்து தங்கியிருந்த நாட்களில், ஒரே இரவில் ஒரு பிராமணரும் ஒரு முஸ்லிமும் ஒரு முதலியாருமாக மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டி, பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற வரவேண்டுமென்று மன்றாடியதையும், தமக்கு வைத்தியம் தெரியாது, தம் தந்தையே வைத்தியர் என்று அவர் சொல்லியும் அந்நிய ஆடவர் ஒருவரைப் பிரசவ அறைக்குள் விட அவர்களில் ஒருவரும் இசையாமற் போனதையும், பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்ததையும் நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். மருத்துவத் தொழிலே வேண்டாம் என்றிருந்த அந்த இளம்பெண் அதன்பின் அமெரிக்காவுக்குத் திரும்பி, கார்னெல் கல்லூரியில் 1899-இல் வைத்தியப் பட்டம் பெற்று, மறு ஆண்டு வேலூரில் ஒரே படுக்கையோடு சிகிச்சை தொடங்கினார். மனைவியை இழந்த ஷெல் என்னும் நியூயார்க் செல்வர் அளித்த நன்கொடையைக் கொண்டு 1902-இல் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் அமைந்தது. இத்தனைக்கும் பொருள் சேர்த்துக் கொடுத்ததில் அந்த ஓர் இரவின் கதைக்குப் பெரும் பங்கு உண்டு. எத்தனை புள்ளிவிவரங்களை அடுக்கினாலும் அந்தக் காரியம் நடந்திருக்காது.

ஆனால் அந்தக் கதையைச் சற்று நின்று கவனியுங்கள். வந்து கதவைத் தட்டிய ஆடவர்களின் ஜாதியும் மதமும் கதையில் இருக்கின்றன. இறந்த பெண்களின் பெயர் இல்லை, வயது இல்லை, அதுவே தலைப்பிரசவமா என்பதுகூட இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகின் பல மூலைகளிலும் சொல்லப்பட்டு வரும் ஒரு கதையின் நடுவே அவர்கள் மூவரும் முகமில்லாமல் கிடக்கிறார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஏனெனில் ஐடா ஸ்கடர் சொன்னது அவர்களுடைய கதையை அன்று. கதவைத் திறந்து நின்று, செய்வதறியாது கைபிசைந்த தம்முடைய கதையைத்தான் அவர் சொன்னார். அதில் வரும் அவமானம் அவருடையது, மனமாற்றமும் அவருடையது. சொல்வதால் யாருக்கேனும் பங்கம் நேருமானால் அது அவருக்கே நேர்ந்திருக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி செய்ததும் இதுவே. தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே அடையாற்றில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை எழவேண்டும் என்னும் சங்கற்பத்துக்கு வித்திட்டது. மூன்று பதிற்றாண்டுகள் அந்த எண்ணத்தைச் சுமந்திருந்து, 1954-இல் 12 படுக்கைகளோடு அதைத் திறந்தும் வைத்தார். அந்தத் துயரத்தை எடுத்துச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அது அவர் வீட்டுத் துயரம்.

உங்கள் பக்கங்களில் வரும் கதையோ வேறு வகையைச் சேர்ந்தது. அதைச் சொல்கிறவர் ஒருவர், சொல்லப்படுகிறவர் மற்றொருவர். சொல்கிறவர் குளிர்பதன அறையில் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார். சொல்லப்படுகிறவர் இலவசப் படுக்கையிலோ, வந்தவாசிக்கு அப்பால் ஏதோ ஒரு காலனியிலோ இருக்கிறார். கதையால் கிடைக்கும் பயன் ஸ்தாபனத்துக்கு. அதனால் விளையக்கூடிய சங்கடம் முழுதும் நோயாளிக்கு. இந்த ஏற்பாட்டில் அநீதி இருந்தே தீரும் என்று சொல்லமாட்டேன். எச்சரிக்கை வேண்டும் என்றுமட்டும் சொல்வேன். அந்த எச்சரிக்கையின் அடையாளத்தைக் கைப்பிரதிகளில் நான் அரிதாகவே காண்கிறேன்.

எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே வாய்பாடுதான். முதல் பத்தியில் வறுமை, இரண்டாவதில் கணவனின் குடி அல்லது உறவினரின் புறக்கணிப்பு, மூன்றாவதில் உங்கள் களப்பணியாளரின் வருகை, நான்காவதில் சிகிச்சை, ஐந்தாவதில், ‘எனக்கு மறுவாழ்வு கொடுத்த தெய்வங்கள்’ என்று அவர் கண்ணீர் மல்கக் கூறுவது. நாகர்கோவிலில் இருக்கும் நோயாளியும் திருத்தணியில் இருக்கும் நோயாளியும் கண்ணீர் மல்க ஒரே வாக்கியத்தைக் கூறுவதைப் பார்க்கும்போது, சிவப்பு மையை எடுத்து ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட எனக்குக் கை துறுதுறுக்கும். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாததால் போடாமல் விட்டுவிடுவேன்.

கதையின் அடியில் பிறை அடைப்புக்குள் ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்றொரு வரி இருக்கும். அந்த ஒரு வரி எழுதியவருடைய மனச்சாட்சியை முற்றிலும் சாந்தப்படுத்திவிடுகிறது போலும். ஏனெனில் அதற்கு மேலே ஊரின் பெயர், கணவர் ஓட்டும் ஆட்டோ நிற்கும் இடம், மூத்த பெண் படிக்கும் பள்ளி, கடைசிக் குழந்தை இறந்த வருஷம் எல்லாம் கொஞ்சமும் மாறாமல் அப்படியே இருக்கும். அந்த ஊர் வழியே போகிற பஸ்ஸில் இருக்கும் எவரும், இரண்டு நிறுத்தங்கள் தாண்டுவதற்குள் அந்த அம்மாள் யாரென்று சொல்லிவிடுவார். மாற்றவேண்டிய விவரங்களை எல்லாம் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் மாற்றுவது, தாழ்ப்பாள் இல்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்குவதைப் போன்றது.

ஒரு தனி மனிதரின் கதைக்கு இருக்கும் ஆற்றலை நீங்கள் மிகைப்படுத்துவதாக நான் நினைக்கவில்லை. ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதைத் தெளிவாகவே காட்டுகிறது. ஆப்பிரிக்காவில் இலட்சக்கணக்கான மக்கள் பசியால் வாடுகிறார்கள் என்ற விவரத்தைப் படித்தவர்களைக் காட்டிலும், மாலி நாட்டைச் சேர்ந்த ரொக்கியா என்னும் ஏழு வயதுச் சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் அதிகமாகக் கொடுத்தார்கள். அதைவிட விசித்திரம், அச்சிறுமியின் கதையோடு அந்த விவரங்களையும் சேர்த்துக் கொடுத்தபோது, கொடை குறைந்துபோயிற்று. மனித மனத்தின் இயல்பு அது. நிதி திரட்டும் கலையைக் கற்பிக்கிறவர்கள் இந்த ஆராய்ச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஒரு முகம், ஒரு பெயர், ஒரு கண்ணீர்’ என்று உங்களுக்குப் பயிற்சி அளிப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த ஆராய்ச்சி கேட்ட கேள்வி, கொடுக்கிறவர் எவ்வளவு கொடுப்பார் என்பது மட்டுமே. ரொக்கியாவின் தெருவில் இருக்கும் இன்னொரு பசித்த குழந்தையின் தாய் அதைப் படித்தால் என்ன நினைப்பாள் என்பது அதன் கேள்வி அன்று. உங்களுக்கு அந்தக் கேள்வியும் உண்டு. ஏனெனில் நீங்கள் நன்கொடை திரட்டுகிறவர்கள் மட்டுமல்லர்; நோயாளிகள் உங்களை நாடி வரவும் வேண்டும். கொடுப்பவரை அழவைக்க எழுதிய கதையை நோயாளியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

தொழுநோயை எடுத்துக்கொள்கிறேன், நம் பக்கத்தில் அதைப் போல் இதற்குப் பொருந்தும் உதாரணம் வேறில்லை. வேலூரில் டாக்டர் பால் பிராண்டு ஆண்டுக் கணக்கில் கைகளையும் கால்களையும் ஆராய்ந்து நிலைநாட்டிய உண்மை இது: தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, கிருமி நரம்பைத் தாக்கி உணர்ச்சியைக் கொன்றுவிடுகிறது, உணர்ச்சி போன கை சூடான பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது, உணர்ச்சி போன கால் முள்ளின்மேல் நடந்துகொண்டே இருக்கிறது, ஊனம் அந்தக் காயங்களாலும் அவை புண்ணாகிப் புரையோடுவதாலும் வருகிறது. அதாவது, ஊனம் என்பது நோயின் ஆரம்பமன்று; கவனியாமல் விடப்பட்ட பல ஆண்டுகளின் முடிவு. 1981-இல் உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ மாத்திரை உட்கொண்டால் நோய் தீர்கிறது, மாத்திரையும் இலவசமாகவே கிடைக்கிறது, சிகிச்சை தொடங்கிய சில தினங்களுக்குள்ளாகவே பிறருக்குத் தொற்றும் தன்மையும் போய்விடுகிறது. 1898-ஆம் வருஷத்துத் தொழுநோயாளர் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கோருவதற்கு இருந்த இடத்தை 2019-இல் பாராளுமன்றம் அகற்றியது. வைத்தியமும் சட்டமும் இவ்வளவு தூரம் வந்துவிட்ட பிறகும், வேண்டுகோள் பிரசுரங்களின் முகப்பில் இன்றும் விரல் இழந்த இரண்டு கைகள் கூப்பியபடியே இருக்கின்றன. ‘தொழுநோய் முற்றிலும் குணமாகும்’ என்று கீழே தடித்த எழுத்தில் அச்சிடுகிறீர்கள். மேலே இருக்கும் படம் அந்த வாக்கியத்தை உடனே மறுத்துவிடுகிறது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் முதுகில் ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிறிய படை ஒன்று. நமைச்சல் இல்லை, வலி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவரில் அவள் பார்ப்பது அந்தக் கூப்பிய கைகளை. அவளுக்கு இரண்டே முடிவுகள் தோன்றக்கூடும். தன் விரல்கள் நன்றாக இருப்பதால் தனக்கு வந்திருப்பது அதுவன்று என்று நினைத்துத் தேமலுக்குக் களிம்பு தடவிக்கொண்டு வீட்டில் இருப்பாள். அல்லது, அதுதான் என்று அஞ்சி, அந்தப் படத்தில் இருப்பவரைப் போல் தானும் ஆகிவிடுவோம் என்ற பீதியில் யாருக்கும் தெரியாமல் மறைப்பாள். இரண்டில் எது நடந்தாலும் நரம்பு மேலும் கெட்டுக்கொண்டே போகும். கொடையாளருக்கு இரக்கம் உண்டாக்கிய அதே படம் அவளுடைய சிகிச்சையை ஓராண்டு தள்ளிப்போட்டுவிடுகிறது. அந்த ஓராண்டு எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

என் வற்புறுத்தலுக்கு இணங்கி, ஒரு ஸ்தாபனத்தில் இந்தப் பக்கங்களை எழுதும் இளம்பெண் ஒருத்தி, தான் எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன்பாக, அதற்கு உரியவரிடமே எடுத்துச் சென்று வாசித்துக் காட்ட முன்வந்தாள். நானும் உடன் சென்றேன். வட ஆர்க்காட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். கதைக்குரிய அம்மாளுக்கு அறுபதைத் தாண்டிய வயது. இளமையில் தொழுநோய் கண்டு, மாத்திரை உண்டு குணமடைந்தவர். இடக்கையில் இரண்டு விரல்கள் மடங்கியிருந்தன. திண்ணையில் முறத்தை ஒருபக்கம் வைத்துவிட்டுக் கேட்க உட்கார்ந்தார். ‘பெற்ற மகனாலும் கைவிடப்பட்டு, ஒரு வாய்ச் சோற்றுக்கு ஏங்கி நின்ற அந்தத் தாய்’ என்று அப்பெண் வாசித்ததும், அம்மாள் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“இத யாரு சொன்னது? தள்ளி வெச்சது எம் மாமியா. அவ செத்து இருவது வருசம் ஆவுது, அவளுக்கு இன்னும் எதுக்குப் பேச்சு? எம் புள்ள தான் என்னச் சைக்கிள்ள வெச்சு மாத்தரைக்குக் கூட்டிகினு போவான். சோத்துக்கு ஏங்குனேன்னு வேற போட்டிருக்க. நெல்லு மண்டில பொடச்சு ரெண்டு பொண்ணக் கட்டிக் குடுத்தவ நானு, பாப்பா.”

அப்பெண் தலைகுனிந்து அந்த வரிகளை அடித்துக்கொண்டே வந்தாள். ஊரின் பெயரையும் எடுக்கச் சொன்னார். பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். புகைப்படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, “கல்யாணம் முடியட்டும், அப்பறம் வா, நானே வந்து நிக்கறேன்” என்றார். எல்லாவற்றையும் அடித்த பிறகு தாளில் பாதி வெறுமையாகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, அவரே கேட்டார்:

“தெருவுல மூணு பேர நாந்தான் கூட்டிகினு போயி டாக்டராண்ட காட்டுனேன். அத எழுதலியே? அந்த மேஸ்திரி பையனுக்கு முதுவுல தேமலாட்டம் இருந்துச்சு. தொடப்பக் குச்சியால தொட்டேன், அவனுக்குத் தெரியல. வாடான்னு இழுத்துகினு போனேன்.”

விளக்குமாற்றுக் குச்சியால் தொட்டு உணர்ச்சி இல்லாததைக் கண்டுபிடித்தது அந்தக் கதையில் முதலில் இல்லை. ஏனெனில் அதை யாரும் கேட்கவில்லை. துன்பம் என்ன என்று கேட்டார்கள், துன்பத்தைச் சொன்னார். கண்ணீரைத் தேடிப் போனவர்களுக்குக் கண்ணீர் கிடைத்தது. ஆனால் உங்கள் ஸ்தாபனம் எந்தக் காரியத்துக்காக ஏற்பட்டதோ அந்தக் காரியத்துக்கு மிகவும் பிரயோஜனமானது அந்தக் குச்சிதான்: மருத்துவக் கல்லூரியில் பஞ்சுத் திரியாலும் நைலான் இழையாலும் செய்து காட்டும் பரிசோதனையை, ஒரு கிராமத்து அம்மாள் தம் அனுபவத்தைக் கொண்டே செய்து, ஒரு பையனின் கைகளைக் காப்பாற்றியிருக்கிறார். சுவரில் ஒட்டவேண்டிய கதை அதுவே. தன் முதுகில் படை உள்ள பெண் அதைப் படித்தால், வீட்டு விளக்குமாற்றை எடுத்துத் தானே தொட்டுப் பார்ப்பாள்.

எனவே என் விண்ணப்பம் மிகச் சிறியது. ஒருவருடைய கதையை அச்சேற்றும் முன், அச்சேறப் போகிற அதே வடிவத்தில், அவர் வீட்டில், அவர் முன்னிலையில் உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் அடிக்கச் சொல்வதை அடியுங்கள். சேர்க்கச் சொல்வதைச் சேருங்கள். ஆங்கிலத்தில் எழுதுவதாயின் அதைத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். தம் தெருவில் நாலு பேர் முன்னால் அதை வாசித்தால் அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். தெருவில் வாசிக்க ஒவ்வாதது, லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் கொடையாளருக்கு மட்டும் என்று எண்ணி அச்சிடப்பட்டாலும் கடைசியில் தெருவுக்கே வந்து சேரும். வாட்ஸ்அப் வந்த பிறகு அதற்கு ஒரு நாள்கூட ஆவதில்லை.

கையெழுத்து வாங்கிவிட்டோமே என்பீர்கள். அந்தத் தாளை எப்போது வாங்குகிறீர்கள்? அநேகமாக, நோயாளி உள்நோயாளியாகச் சேரும் தினத்தில், அறுவை சிகிச்சைக்கான சம்மதப் பத்திரத்தோடு ஒன்றாக வைத்துத்தான். கேட்கிறவர், காலையும் மாலையும் மாத்திரை கொடுக்கிற அதே சகோதரி. இலவசப் படுக்கையில் படுத்திருப்பவர், அடுத்த மாதம் மறுபடியும் இதே வாசலுக்கு வரவேண்டியவர், அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்வாரென எதிர்பார்க்கலாமா? நன்றிக்கடன் பட்டவரின் சம்மதம் பாதிச் சம்மதமே. மருந்து கொடுக்காத ஒருவர் கேட்கட்டும். வீடு திரும்பிச் சில வாரங்கள் கழிந்த பின் மறுபடியும் கேட்கட்டும். வேண்டாம் என்றால் சிகிச்சையில் எள்ளளவும் குறைவு வராது என்பதை வாயால் சொல்லட்டும். எதற்குச் சம்மதம் என்பதையும் பிரித்துச் சொல்லவேண்டும். நூறு பிரதி அச்சாகும் ஆண்டறிக்கை வேறு. பஸ் நிலையத்தில் நிற்கும் விளம்பரப் பலகை வேறு.

காசநோயாளிகளுக்குச் சத்துணவுப் பெட்டி வழங்கும் வைபவங்களின் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரமுகர் நடுவில், அவர் கையில் பெட்டியின் ஒரு பக்கம், மறுபக்கத்தைப் பிடித்தபடி, காமிராவைப் பார்க்கும்படி கட்டளையிடப்பட்ட நோயாளி, பின்னால் ஸ்தாபனத்தின் பெயர் பொறித்த துணி. நோயாளி எந்தத் தெருவில் வீட்டு வேலைக்குப் போகிறாரோ, அந்தத் தெருவுக்கு மறுநாள் பத்திரிகை போகும். பருப்பும் கடலையும் ஒரு மாதத்துக்கு. போன வேலை எத்தனை மாதத்துக்கு?

எச்.ஐ.வி. விஷயத்தில் இந்நாடு இதைக் கடினமான வழியில் கற்றுக்கொண்டது. 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், நிர்மலா என்னும் மருத்துவ மாணவி அரசுக் காப்பகத்துப் பெண்களிடம் சேகரித்த இரத்தத்தை வேலூரில் பரிசோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று இருப்பது வெளிப்பட்டது. இந்தியாவில் அந்நோய் வந்துவிட்டது என்பதற்கு அதுவே முதல் சாட்சியம். கண்டுபிடித்த இருவரின் பெயரும் சரித்திரத்தில் இருக்கிறது; அந்த ஆறு பெண்களின் பெயர் இல்லை. திண்டிவனத்துப் பெண்களுக்குப் பெயர் இல்லாமற் போனது யாரும் கேட்காததால். இவர்களுக்கு இல்லாமற் போனது, அந்த நாளையப் பீதியில், ஒரு பாதுகாப்பாயிற்று. மூன்று ஆண்டுகளுக்குப் பின் கோவாவில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. டொமினிக் டிசூசா என்னும் இளைஞருக்குத் தொற்று இருப்பதை அறிந்த அரசாங்கம், 1989-இல் அவரைப் போலீசைக் கொண்டு பிடித்து 64 நாட்கள் தனியே அடைத்து வைத்தது. அவர் பெயர் ஊரெல்லாம் பரவிற்று, அவர் விரும்பாமலே. வெளியே வந்த பிறகு அவர் ஒளிந்துகொள்ளவில்லை, பிறர் அம்பலப்படுத்திய பெயரைத் தாமே எடுத்துக்கொண்டு பேசினார், தம்மைப் போன்றவர்களுக்காக ஒரு ஸ்தாபனம் அமைக்க முனைந்தார், 1992-இல் மறைந்தார். 1998-இல் சென்னையில் தொற்றுள்ள பெண்களே ஒன்றுகூடித் தமக்கென ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியபோது, அவர்களில் எவர் மேடையில் முகம் காட்டுவது, எவர் காட்டாமல் இருப்பது என்பதை அவரவரே தீர்மானிக்க இடம் பிறந்தது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் அமுலுக்கு வந்த சட்டம், ஒருவருடைய தொற்றை அவர் சம்மதமின்றி வெளிப்படுத்தலாகாது என்று திட்டமாகவே விதிக்கிறது. மற்றப் பல நோய்களுக்கு இவ்வளவு திட்டமான தனிச்சட்டம் இல்லை என்பதனால், அந்த நோயாளிகளின் மானம் சற்று மலிவானது என்று ஆகிவிடாது.

புற்றுநோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கங்களில் பிழைத்தவர்கள் மட்டுமே பேசுகிறார்கள். இறந்தவர்களிடம் பேட்டி எடுக்க முடியாது என்பது ஒரு காரணம், எடுக்கக்கூடிய அவர்கள் குடும்பத்தாரிடம் யாரும் போவதில்லை என்பது மற்றொன்று. மனோதைரியத்தால் வென்றார் என்று எழுதும்போது, அதே வார்டில் அதே தைரியத்தோடு இருந்து இறந்தவரின் மனைவி அதைப் படிக்கக்கூடும் என்பதை நினையுங்கள். எந்த நிலையில் நோய் கண்டறியப்பட்டது, என்ன சிகிச்சை, எத்தனை காலம் ஆயிற்று என்ற விவரங்களைச் சேர்த்தாலே போதும். தைரியம் தன் அளவுக்கு வந்து நின்றுவிடும். ஒரு மருந்தாலோ ஒரு மருத்துவமனையாலோ நிச்சயம் பிழைக்கலாம் என்று தொனிக்கும்படி எழுதுவது, லேகியக்காரர்களின் விளம்பரத்துக்குச் சமீபத்தில் போய்விடும். அத்தகைய விளம்பரங்களைத் தடுக்க 1954-ஆம் வருஷத்திலேயே சட்டம் வந்துவிட்டது.

உண்மைக் கதை கிடைக்காதபோது கற்பனைக் கதையைச் சொல்லலாகாதா என்றால், தாராளமாகச் சொல்லலாம். சென்னையில் ‘நலம்தானா’ குழுவினர் 1990-களிலிருந்து தெருக்களிலும் குப்பங்களிலும் நாடகம் போட்டே எய்ட்ஸ் முதலிய நோய்களைப் பற்றி ஜனங்களிடம் பேசி வந்தார்கள். நாடகத்தில் வருகிற முருகேசனும் செல்வியும் கற்பனை என்பது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், முடிந்ததும் ஓரமாக வந்து சந்தேகம் கேட்கிறார்கள். எந்த உண்மை மனிதரின் தோலும் அதில் உரிவதில்லை. இதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். நாலு நோயாளிகளின் வாழ்க்கையிலிருந்து துண்டு துண்டாக எடுத்துத் தைத்து, விலைக்கு வாங்கிய புகைப்படம் ஒன்றை ஒட்டி, ‘இவர் பெயர் லட்சுமி’ என்று உண்மைக் கதையாக விற்பதுதான் கூடாது என்கிறேன்.

நன்கொடை குறைந்துவிடுமே என்ற பயம் உங்களில் பலருக்கு உண்டு. அது நியாயமான பயம்தான். சம்பளம் கொடுக்கவேண்டும், வண்டிக்கு டீசல் போடவேண்டும். மேலிடத்தார் அடுத்த காலாண்டின் இலக்கைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கண்ணீர் குறைந்தால் சிலர் கொடுக்காமற் போகக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன டாக்டர் வேங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். பணம் கொடுக்கக்கூடியவர்களிடமிருந்து வருவதைக் கொண்டே கொடுக்க இயலாதவர்களுக்கும் சிகிச்சை செய்யும் முறையை வகுத்தார். கொடையாளரின் கண்ணீரை நம்பி அங்கே காரியம் நடக்கவில்லை. ஆகவே நோயாளியின் கதை அங்கே வேறொரு வேலைக்குப் போகிறது. கண்புரை நீக்கிக்கொண்டு ஊர் திரும்பும் கிழவர், டீக்கடையில் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டுகிறார். அடுத்த முகாமுக்கு அந்த ஊரிலிருந்து நாலு பேர் வருகிறார்கள். அவரே சொல்கிறார், தம் ஊரில் சொல்கிறார், தமக்கு வேண்டிய அளவே சொல்கிறார். உங்கள் எல்லோருடைய ஸ்தாபனங்களுக்கும் அந்தப் பொருளாதார ஏற்பாடு வாய்க்காது என்பது எனக்குத் தெரியும். காசநோய்க்கும் குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கும் பணம் கொடுத்துச் சிகிச்சை பெறுவோர் அந்த அளவுக்கு வரமாட்டார்கள். கேட்டுத்தான் ஆகவேண்டும். கேளுங்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், ஏன் நின்றார்கள், ஒருவரைக் கடைசிவரை கொண்டுவந்து சேர்க்க என்ன செலவாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். பாதியில் நின்றவர்களின் எண்ணிக்கையை எந்த அறிக்கையிலும் நான் திருத்திய ஞாபகம் இல்லை. அதைத் துணிந்து அச்சிடும் ஸ்தாபனத்தை நம்பிக் கொடுக்கக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

மார்ச்சுக் கணக்கு முடிந்ததும் வழக்கம்போல் உங்கள் கைப்பிரதிகள் வரத் தொடங்கும். இந்த முறை ஒவ்வொரு நோயாளியின் கதையோடும், அது எந்தத் தேதியில், யாரால், எங்கே வாசித்துக் காட்டப்பட்டது, எந்தெந்த வரிகள் அடிக்கப்பட்டன என்ற ஒரு சீட்டையும் இணைத்து அனுப்புங்கள். அச்சிடுவதற்கு அன்று, கோப்பில் வைப்பதற்கு. சீட்டு இல்லாமல் வரும் பக்கங்களின் ஓரத்தில், எனக்கு அதிகாரம் இல்லை என்று இதுவரை போடாமலிருந்த கேள்விக்குறியைப் போட்டுத் திருப்பி அனுப்புவதாக இருக்கிறேன். அச்சாகும் தேதி அதனால் சற்றுத் தள்ளிப்போனால், பொதுக்குழுவுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

தங்கள் அன்புள்ள,
மெய்ப்புத் திருத்துநன்